மைக்ரோசாஃப்ட் – ஆக்டிவிஷன் இணைப்பு: அமெரிக்கா ஏன் தோற்றது, பிரிட்டன் எப்படி மாற்ற வைத்தது?

கேள்வி இது: வீடியோ கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிசார்டை மைக்ரோசாஃப்ட் வாங்கியதை சந்தையில் போட்டி குறையாமல் பார்த்துக்கொள்ளும் அரசு அமைப்புகளான அமெரிக்காவின் எஃப்.டி.சி.யும் பிரிட்டனின் சி.எம்.ஏ.வும் எதிர்த்தன. அமெரிக்க அமைப்பு நீதிமன்றத்தில் தோற்றது. பிரிட்டன் அமைப்போ ஒப்பந்தத்தின் வடிவத்தையே மாற்ற வைத்தது. ஒரே இணைப்புக்கு ஏன் இப்படி இரண்டு முடிவுகள்?

வாதத்தின் வலுவை மட்டும் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. "இந்த இணைப்பு கூடாது" என்று சொல்ல எஃப்.டி.சி. ஒரு நீதிபதியைச் சம்மதிக்க வைத்தாக வேண்டும். சி.எம்.ஏ. அதைத் தானே சொல்லிவிடலாம். கோர்ட்டுக்குப் போக வேண்டியது நிறுவனம்தான். நடந்தவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து வந்தது. மீதி, ஒரு கணக்கிலிருந்து வந்தது. கணக்கை முதலில் பார்ப்போம்.

ஒப்பந்தம் 2022 ஜனவரி 18 அன்று அறிவிக்கப்பட்டது. விலை பங்குக்கு 95 டாலர் ரொக்கம், மொத்தம் 6,870 கோடி டாலர். கேம் துறை அதுவரை அவ்வளவு பெரிய கொள்முதலைப் பார்த்ததில்லை. ஆக்டிவிஷன் கையில் கால் ஆஃப் டியூட்டி, வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட், டயாப்லோ, ஓவர்வாட்ச் இருந்தன. அதன் துணை நிறுவனமான கிங் வழியாக கேண்டி கிரஷ்ஷும் இருந்தது. வழக்குகளில் பேச்சு பெரும்பாலும் கால் ஆஃப் டியூட்டியைச் சுற்றியே நடந்தது.

இது ஒரே சரக்கை விற்கும் இரண்டு கடைகள் ஒன்றாவது போன்றதல்ல. ஊரில் இரண்டு டீக்கடைகள் இருக்கின்றன என்று வையுங்கள். இரண்டுக்கும் பால் கொடுப்பது ஒரே பண்ணை. அந்தப் பண்ணையை ஒரு டீக்கடைக்காரர் வாங்கிவிட்டால், அதைச் சட்ட வழக்கில் செங்குத்து இணைப்பு என்பார்கள். கடைகளின் எண்ணிக்கை குறையவில்லை என்பதால் சந்தைப் பங்கைக் கூட்டிப் பார்த்து "இது ஆபத்து" என்று எளிதாகச் சொல்ல முடியாது. அதனால் கேள்வியை வேறு விதமாகக் கேட்பார்கள். எதிர்க்கடைக்குப் பாலை நிறுத்த அவரால் முடியுமா? நிறுத்தினால் அவருக்கு லாபமா?

முதல் கேள்வியில் பெரிய சண்டை இல்லை. பண்ணை தன்னுடையது என்றால் நிறுத்த முடியும். இரண்டாவதில்தான் எல்லாமே. இங்கே பால் என்பது கால் ஆஃப் டியூட்டி. கடைகள், கன்சோல் எனப்படும் இரண்டு விளையாட்டுப் பெட்டிகள்: மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ், சோனியின் பிளேஸ்டேஷன். பிளேஸ்டேஷனுக்குக் கால் ஆஃப் டியூட்டியை நிறுத்தினால், அங்கே விற்கும் பிரதிகளின் வருமானமும் விளையாட்டுக்குள்ளே வாங்கப்படும் பொருட்களின் வருமானமும் அன்றே போய்விடும். பதிலுக்கு, பிளேஸ்டேஷனை விட்டுவிட்டு எக்ஸ்பாக்ஸ் வாங்க ஒரு கூட்டம் வரும். அந்தக் கூட்டம் எவ்வளவு பெரியது, ஒவ்வொருவரும் எத்தனை ஆண்டு இருந்து எவ்வளவு செலவழிப்பார்கள் என்ற இரண்டு எண்களைக் கொஞ்சம் அசைத்தாலே விடை லாபத்திலிருந்து நஷ்டத்துக்குத் தாவிவிடும். இரண்டு நாட்டு அமைப்புகளும் இடறியது இந்த இடத்தில்தான்.

பிரிட்டனில் 2023 பிப்ரவரி 8 அன்று வந்த இடைக்கால முடிவில், கன்சோல் சந்தையில் நிறுத்துவது பெரும்பாலான சூழல்களில் லாபம் தரும் என்று சி.எம்.ஏ. சொன்னது. மைக்ரோசாஃப்ட் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்தது. மாறி வரும் வாடிக்கையாளரிடமிருந்து கிடைக்கும் வரவை 5 ஆண்டுகளுக்குக் கூட்டியிருக்கிறீர்கள், பிளேஸ்டேஷனில் இழக்கும் விற்பனையை ஓராண்டுக்கு மட்டும் கழித்திருக்கிறீர்கள் என்று சுட்டிக்காட்டியது. ஆட்டக்காரர்களின் உண்மையான செலவுப் பழக்கம் பற்றிய புதிய தரவையும் கொடுத்தது. மார்ச் 24 அன்று சி.எம்.ஏ. வெளிப்படையாகப் பின்வாங்கியது, நம்பத்தக்க எந்தச் சூழலிலும் இது பெருத்த நஷ்டம் தரும் செயல் என்று எழுதி, கன்சோல் குற்றச்சாட்டைக் கைவிட்டது. தவறைக் கண்டதும் திருத்திய அந்த நேர்மையை நான் மதிக்கிறேன். அடுத்து அவர்கள் எழுதிய கிளவுட் பகுதி (தொலைவிலுள்ள சர்வரில் ஓடும் விளையாட்டு பற்றியது, பின்னால் வருகிறது) உறுதியாக நின்றதற்கும் இதுவே ஒரு காரணம். பலவீனமான காலை வெட்டிவிட்டு, வலுவான காலில் ஊன்றி நின்றார்கள்.

எஃப்.டி.சி. அப்படிச் செய்யவில்லை. கன்சோல், மாதச் சந்தா, கிளவுட் ஆகிய மூன்று குற்றச்சாட்டுகளையும் கடைசிவரை சுமந்தது.

2022 டிசம்பர் 8 அன்று ஆணையம் 3–1 வாக்கில் வழக்குப் போட முடிவெடுத்தது. அப்போது தலைவர் லினா கான். அந்த வழக்கு எஃப்.டி.சி.யின் உள்ளேயே உள்ள நிர்வாக நீதிபதியின் முன் போடப்பட்டது. விசாரணைத் தேதி 2023 ஆகஸ்ட் 2. இங்கே ஒரு நுணுக்கம் பலருக்குத் தவறிவிடுகிறது. நிர்வாக வழக்கு நடந்துகொண்டிருப்பது மட்டுமே கொள்முதலை நிறுத்தி வைக்காது. நிறுத்தி வைக்க வேண்டுமானால் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்க வேண்டும். பிரிட்டனும் ஐரோப்பாவும் இன்னும் அனுமதி தராத வரை அவசரமில்லை என்று எஃப்.டி.சி. காத்திருந்தது. ஏப்ரலில் பிரிட்டன் போட்ட தடையையும் (அதைக் கீழே பார்ப்போம்) மீறி ஒப்பந்தத்தை முடித்துவிடுவார்களோ என்ற பேச்சு கிளம்பிய பிறகு, 2023 ஜூன் 12 அன்றுதான் சான் ஃபிரான்சிஸ்கோ நீதிமன்றத்துக்கு ஓடியது. ஒப்பந்தத்தில் எழுதிய கெடு ஜூலை 18. அன்றைக்குள் முடியாவிட்டால் மைக்ரோசாஃப்ட் 300 கோடி டாலர் விலகல் கட்டணம் தர வேண்டி வரலாம். ஆக, கையில் இருந்தது ஐந்து வாரம்.

நீதிபதி ஜாக்குலின் ஸ்காட் கார்லி மறுநாளே தற்காலிகத் தடை கொடுத்தார். ஜூன் 22 முதல் 29 வரை ஐந்து நாள் விசாரணை நடந்தது. ஜூலை 10 தேதியிட்ட 53 பக்கத் தீர்ப்பில் இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது.

எங்கே சறுக்கியது? சந்தை வரையறையில் அல்ல. நிண்டெண்டோ ஸ்விட்சை ஒதுக்கிவிட்டு, பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் இரண்டை மட்டும் 'உயர்திறன் கன்சோல்' என்று எஃப்.டி.சி. தனிச் சந்தையாக்கியதைப் பலர் கிண்டல் செய்தார்கள். நீதிபதி அந்த வரையறையை அந்தக் கட்டத்துக்கு ஏற்றுக்கொண்டுதான் மேலே போனார். சறுக்கல் அதற்கு அடுத்த படியில். எஃப்.டி.சி.யின் பொருளாதார வல்லுநர், ஹார்வர்டின் ராபின் லீ, ஒரு மாதிரிக் கணக்கைக் கொடுத்தார். கால் ஆஃப் டியூட்டி இல்லாமல் போனால் பாதிக்கப்படும் ஆட்டக்காரர்களில் 20 சதவீதம் எக்ஸ்பாக்ஸுக்கு மாறுவார்கள் என்பது அதன் அச்சாணி. அந்த 20 தரவிலிருந்து வந்ததா, கணக்குக்கு உள்ளே போட்ட அனுமானமா என்ற குறுக்கு விசாரணையில் மாதிரி நிற்கவில்லை. டீக்கடை உவமையில் சொன்னால், எத்தனை பேர் கடை மாறுவார்கள் என்பதைத்தான் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதையே முன்கூட்டி எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அதே விசாரணையில் சோனி தாக்கல் செய்த ஒரு ஆவணத்தின் ரகசிய வரிகளைக் கறுப்பு மார்க்கரால் அடித்து ஸ்கேன் செய்திருந்தார்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது எழுத்துகள் தெரிந்தன. பிளேஸ்டேஷனில் கால் ஆஃப் டியூட்டியைத் தவிர வேறெதையும் ஆடாதவர்கள் சுமார் 10 லட்சம் பேர் என்ற சோனியின் கணிப்பு அப்படித்தான் வெளியே வந்தது. சட்டென்று கன்சோலை மாற்றக்கூடிய ஆள் யார் என்பதை அறிய இப்படிப்பட்ட எண்தான் உதவும். ஊகத்தைவிட இதன்மேல் கட்டியிருந்தால் வழக்கு இன்னும் கொஞ்சம் திடமாக இருந்திருக்கும்.

எஃப்.டி.சி.யின் வலுவான ஆயுதம் பழைய நடத்தை. மைக்ரோசாஃப்ட் 2021 மார்ச்சில் 750 கோடி டாலருக்கு ஜெனிமேக்ஸை வாங்கி முடித்தது. கேம் தயாரிக்கும் பெதஸ்டா அதற்குள் வருகிறது. அதன்பின் ஸ்டார்ஃபீல்ட், ரெட்ஃபால் என்ற விளையாட்டுகள் இரண்டையும் அப்போது பிளேஸ்டேஷனுக்குத் தரவில்லை. "முன்பு செய்தவர்கள் மறுபடி செய்வார்கள்" என்ற வாதம் காதுக்கு நன்றாகத்தான் இருந்தது. எதிர்த்தரப்பு மைன்கிராஃப்டைக் காட்டியது. 2014இல் 250 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட அந்த விளையாட்டு இன்றும் எல்லா இடத்திலும் கிடைக்கிறது. நண்பர்கள் பல சாதனங்களிலிருந்து ஒன்றாகக் கூடி ஆடும் விளையாட்டுக்குக் கூட்டம்தான் உயிர். கூட்டத்தை வெட்டினால் விளையாட்டே சாகும். கால் ஆஃப் டியூட்டி மைன்கிராஃப்ட் சாதியா, ஸ்டார்ஃபீல்ட் சாதியா என்ற கேள்விக்கு நீதிபதியின் விடை மைன்கிராஃப்ட் பக்கம் சாய்ந்தது. கொள்முதலுக்காக மைக்ரோசாஃப்ட் போட்ட மதிப்பீட்டுக் கணக்கே பிளேஸ்டேஷன் விற்பனை தொடரும் என்று வைத்துத்தான் போடப்பட்டிருந்தது. சோனியின் பிளேஸ்டேஷன் பிரிவுக்கு அப்போது தலைவராக இருந்த ஜிம் ரயன், ஒப்பந்தம் அறிவிக்கப்பட்ட நாட்களில் எழுதிய மின்னஞ்சலில், இது பிரத்யேக உரிமைக்கான ஆட்டம் இல்லை என்று தாமே சொல்லியிருந்தார். பெரிய புகார்க்காரரின் கையெழுத்தே எதிர்ச்சாட்சியானது.

இன்னொன்றும் எஃப்.டி.சி.யின் கையைக் கட்டியது. தீர்ப்புக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் வரிசையாக 10 ஆண்டு ஒப்பந்தங்கள் போட்டிருந்தது. நிண்டெண்டோவுடன் கன்சோலுக்கு, என்விடியா, பூஸ்டராய்ட், யூபிடஸ் போன்றவற்றுடன் கிளவுட்டுக்கு. இவை தீர்வுக் கட்டத்தில்தான் பேச வேண்டியவை, குற்றம் இருக்கிறதா என்று பார்க்கும்போது எண்ணக் கூடாது என்று எஃப்.டி.சி. வாதிட்டது. நீதிபதி அவற்றையும் உண்மையான சந்தை நிலவரமாக எடுத்துக்கொண்டார். எதிராளியின் குற்றச்சாட்டை ஒப்பந்தங்களால் முன்கூட்டியே அடைத்துவிட்டு நீதிமன்றத்துக்கு வருவதை அமெரிக்க வழக்கறிஞர்கள் 'தீர்வையே வழக்காடுவது' என்கிறார்கள். அது இங்கே அப்படியே பலித்தது. தீர்ப்பு வந்த சில நாளில், ஜூலை 16 அன்று, சோனியும் கால் ஆஃப் டியூட்டிக்கான 10 ஆண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இப்போது பிரிட்டன். கன்சோலைக் கைவிட்ட சி.எம்.ஏ. 2023 ஏப்ரல் 26 அன்று இறுதி அறிக்கையில் இணைப்பையே தடை செய்தது, கிளவுட் கேமிங் ஒன்றை மட்டும் காரணம் காட்டி. கிளவுட் கேமிங் என்றால் விளையாட்டு தொலைவிலுள்ள சர்வரில் ஓடும், படம் மட்டும் உங்கள் டிவிக்கோ போனுக்கோ வரும். விலையுயர்ந்த பெட்டி வேண்டாம். உலக அளவில் அந்தச் சிறு சந்தையில் மைக்ரோசாஃப்டின் பங்கு 60 முதல் 70 சதவீதம் என்று சி.எம்.ஏ. மதிப்பிட்டது. சர்வர் கட்டமைப்பும் விண்டோஸும் அதனிடமே இருக்கின்றன. "சந்தை இன்னும் குழந்தை, கூகுளே ஸ்டேடியாவை 2023 ஜனவரியில் மூடிவிட்டதே, இதற்காகவா 6,870 கோடி டாலரை நிறுத்துவது?" என்ற எதிர்ப்பு பலமாக எழுந்தது. என் கணிப்பில் சி.எம்.ஏ.யின் பக்கம்தான் நியாயம் இருந்தது. வளர்ந்து முடிந்த சந்தையில் தலையிட்டால் யாரையும் காப்பாற்ற முடியாது. கன்சோல் என்ற பெட்டியே தேவையில்லாமல் போகக்கூடிய காலத்தில் கதவுக்குக் காவல் யார் என்பதை முன்பே கேட்பதுதான் சரி.

மைக்ரோசாஃப்ட் கொடுத்த 10 ஆண்டு வாக்குறுதிகளை ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அறிக்கை மூன்று ஓட்டைகளைக் காட்டியது. பல விளையாட்டுகளைச் சேர்த்து மாதச் சந்தாவில் தர விரும்பும் கிளவுட் நிறுவனத்துக்கு அந்த வாக்குறுதி சரியாகப் பொருந்தவில்லை. விண்டோஸ் அல்லாத இயங்குதளத்தில் விளையாட்டை ஓட்ட நினைப்பவருக்கு வழியில்லை. நிபந்தனைகள் எல்லாருக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டிருந்தன. போட்டி இருந்தால் பேரம் பேசித் தீர்ந்திருக்க வேண்டியவை அவை. போதாக்குறைக்கு அத்தனையையும் 10 ஆண்டு கண்காணிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஆணையம் இதே கிளவுட் கவலையைத்தான் கண்டது. ஆனால் மே 15 அன்று வாக்குறுதியை வாங்கிக்கொண்டு அனுமதித்தது: விளையாட்டை வாங்கிய ஐரோப்பிய நுகர்வோர் எந்தக் கிளவுட் சேவையிலும் அதை ஓட்டலாம், சேவை நிறுவனங்களுக்கும் அதற்கு இலவச உரிமம், 10 ஆண்டு. ஐரோப்பாவில் ஒரு எக்ஸ்பாக்ஸுக்கு நான்கு பிளேஸ்டேஷன் விற்கிறது, எனவே சோனிக்கு நிறுத்த மைக்ரோசாஃப்டுக்குத் தூண்டுதல் இல்லை என்றும் சொன்னது.

பிரிட்டன் தடைக்கு எதிராக மைக்ரோசாஃப்ட் போட்டி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே "சி.எம்.ஏ. சொன்னது சரியா?" என்று முதலிலிருந்து விசாரிக்க மாட்டார்கள். நடைமுறை ஒழுங்காக இருந்ததா, பகுத்தறிவுக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நிறுவனம் ஜெயித்தாலும் கோப்பு பெரும்பாலும் சி.எம்.ஏ. மேசைக்கே திரும்பும். அமெரிக்காவில் எஃப்.டி.சி. சுமந்த பாரத்தை இங்கே மைக்ரோசாஃப்ட் சுமந்தது. ஒப்பந்தக் கெடுவை அக்டோபர் 18 வரை நீட்டி, விலகல் கட்டணத்தைக் கட்டம் கட்டமாக 450 கோடி டாலர் வரை உயர்த்திக்கொண்டார்கள். அந்தக் கெடுவுக்குள் வழக்காடி முடிப்பது நடக்கிற காரியமில்லை. ஆகஸ்ட் 22 அன்று புதிய வடிவத்தோடு வந்தார்கள்.

புதிய வடிவத்தில் இணைப்புக்கு முன்பே ஒரு துண்டு வெட்டி வெளியே வைக்கப்பட்டது. அன்றிருந்த ஆக்டிவிஷன் விளையாட்டுகளுக்கும் அடுத்த 15 ஆண்டுகளில் வரவிருப்பவற்றுக்கும் கிளவுட் உரிமை பிரான்சின் கேம் நிறுவனமான யூபிசாஃப்டுக்குப் போனது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே அது யூபிசாஃப்டுக்கு மட்டுமே உரியது. அந்த விளையாட்டுகளுக்கான உரிமைக்குக் காலாவதி இல்லை. யூபிசாஃப்ட் அதை யாருக்கும், எந்த வணிக முறையிலும் விற்கலாம். கட்டணம் கொடுத்து விண்டோஸ் அல்லாத தளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். ஏப்ரல் அறிக்கை காட்டிய மூன்று ஓட்டைகளை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒவ்வொன்றாக அடைபட்டிருக்கும். 'நல்லபடி நடந்துகொள்கிறேன்' என்ற சத்தியம், உரிமையே கைமாறுவதாக மாறியது. சி.எம்.ஏ. அக்டோபர் 13 அன்று அனுமதித்தது; அன்றே கொள்முதல் முடிந்தது.

அமெரிக்க வழக்கு அதற்குப் பிறகும் இழுத்தது. ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 மே 7 அன்று கார்லியின் தீர்ப்பை உறுதி செய்தது. மே 22 அன்று எஃப்.டி.சி. தன் நிர்வாக வழக்கையும் கைவிட்டது.

இடையில் நடந்தவைதான் எனக்கு அதிகம் உறுத்துகின்றன. 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கேம் பிரிவில் 1,900 பேரை வேலையிலிருந்து நீக்கியது. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகவே இயங்கும் என்று சொன்னதற்கு இது முரண் என்று எஃப்.டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதியது. ஆக்டிவிஷன் ஏற்கெனவே திட்டமிட்ட குறைப்பும் இதில் அடக்கம் என்று மைக்ரோசாஃப்ட் பதில் சொன்னது. பல விளையாட்டுகளைச் சேர்த்துத் தரும் மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா 2023 ஜூலையில் 14.99 டாலரிலிருந்து 16.99 ஆனது, 2024 ஜூலையில் 19.99, 2025 அக்டோபரில் 29.99. இரண்டேகால் ஆண்டில் இரட்டிப்பு. இணைப்பு மட்டுமே காரணம் என்று யாரும் நிரூபிக்கவில்லை. சோனியும் பிளேஸ்டேஷன் பிளஸ் விலையை ஏற்றியது. ஆனாலும் கையெழுத்தான ஒப்பந்தங்களையெல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், 'யாருக்கும் நிறுத்த மாட்டோம்' என்ற உறுதி எங்கும் இருக்கிறது. 'விலை ஏற்ற மாட்டோம்' என்ற உறுதி அவற்றில் இல்லை. பால் நிற்குமா என்றே எல்லாரும் சண்டை போட்டார்கள். டீ விலை என்ன ஆகும் என்பது வழக்கின் மையத்துக்கு வரவேயில்லை. கால் ஆஃப் டியூட்டி பிளேஸ்டேஷனில் தொடர்கிறது. மைக்ரோசாஃப்டின் சொந்த விளையாட்டான ஃபோர்ஸா ஹொரைசன் 5 கூட 2025 ஏப்ரலில் அங்கே போய்விட்டது. எஃப்.டி.சி. அஞ்சியது நடக்கவில்லை. சந்தா கட்டுபவரின் பையில் மட்டும் ஓட்டை விழுந்தது.

இதுபோன்ற அடுத்த வழக்கைப் பின்தொடர நினைப்பவர்கள் செய்தித் தலைப்பை விட்டுவிட்டு மூன்று இடங்களைப் பார்க்கலாம். ஒப்பந்தத்தின் கெடு தேதியும் விலகல் கட்டணமும் எங்கே எழுதியிருக்கின்றன என்று தேடுங்கள். யாருக்கு அவசரம் என்பது அங்கே தெரியும். அமைப்பின் கணக்கில் வரவும் செலவும் ஒரே கால அளவில் இருக்கின்றனவா என்று பாருங்கள். தீர்வு என்று சொல்வது சொத்தோ உரிமையோ கைமாறுவதா, வெறும் நடத்தை வாக்குறுதியா என்று பாருங்கள்.

2025 செப்டம்பர் 29 அன்று அறிவித்த, கேம் நிறுவனமான இ.ஏ.யின் (எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ்) கொள்முதலுக்கு இதைப் பொருத்தலாம். சவூதியின் பொது முதலீட்டு நிதி, சில்வர் லேக், அஃபினிட்டி பார்ட்னர்ஸ் மூன்றும் சேர்ந்து பங்குக்கு 210 டாலர் வீதம் 5,500 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தன. வாங்குபவர்களில் யாரும் கன்சோல் விற்பதில்லை. ஆகவே 'எதிர்க்கடைக்குப் பாலை நிறுத்துவார்களா' என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. அந்த விலையில் 2,000 கோடி டாலர் கடன். அதன் வட்டியைக் கட்ட எந்த ஸ்டூடியோவை மூடுவார்கள், எத்தனை பேரை அனுப்புவார்கள் என்று கேட்க, மைக்ரோசாஃப்ட் வழக்கில் நாம் பார்த்த சோதனைகள் எதிலும் வழி இல்லை.